பிள்ளை பெற்றவளுக்கு லேகியம்

வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்தது.

சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அது. ஆந்திர மாநிலம்தான். ஆனாலும் அந்த வீட்டில் பேசுவது தமிழ். கடைத்தெருவில் பேசுவது தெலுங்கு. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. முன்பு இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 2022-ல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது.

மகளுக்குத் தலைப்பிரசவம். அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. மூன்றாம் நாள் தாயும் சேயும் வீட்டுக்கு வந்தார்கள்.

வந்ததுமே ஆயா வேலையைத் தொடங்கினாள்.

"பச்சை உடம்பு. லேகியம் கிளறணும். நாட்டு மருந்துக் கடைக்குப் போயிட்டு வா" என்றாள்.

அம்மா ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வந்தாள். போன வருடம் வரை அவளுக்கு எழுதத் தெரியாது. இப்போது ஆயா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக எழுதினாள்.

சுக்கு 50 கிராம்
ஓமம் 50 கிராம்
சீரகம் 25 கிராம்
தனியா 25 கிராம்
மிளகு 10 கிராம்
திப்பிலி 10 கிராம்
சித்தரத்தை 10 கிராம்
வெல்லம் 400 கிராம்
நெய் 100 கிராம்
நல்லெண்ணெய் 100 மில்லி
ஏலக்காய் 5

ஆயா இந்தக் கணக்கை அவளுடைய மாமியாரிடம் கற்றாள். அந்த மாமியார் அவருடைய அம்மாவிடம் கற்றார். இதுவரை அது மனதில் மட்டும் இருந்தது. அன்றுதான் முதல் முறையாகத் தாளில் ஏறியது.

கடையில்

கடைக்காரர் தெலுங்குக்காரர். அம்மா தாளைப் பார்த்துப் படித்தாள். கடைக்காரர் ஒவ்வொன்றையும் தெலுங்கில் சொல்லிக்கொண்டே நிறுத்துப் போட்டார். அம்மா அந்தப் பெயர்களையும் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

சுக்கு – சொண்டி
ஓமம் – வாமு
சீரகம் – ஜீலகர்ர
மிளகு – மிரியாலு
திப்பிலி – பிப்பள்ளு
வெல்லம் – பெல்லம்

"பாலிந்தகா?" என்று கேட்டார் கடைக்காரர். பிள்ளை பெற்றவளைத் தெலுங்கில் 'பாலிந்த' என்பார்கள். தமிழில் 'பச்சை உடம்பு' என்கிறோம். தெலுங்கிலும் 'பச்சி பாலிந்த' என்று சொல்வதுண்டு. இரண்டு மொழியிலும் சொல் ஒன்றுதான். கவலையும் ஒன்றுதான்.

இந்த லேகியத்தைத் தெலுங்கில் 'காயம்' என்பார்கள். தமிழிலும் சில ஊர்களில் 'காய மருந்து' என்று சொல்வார்கள். சாம்பாரில் போடும் பெருங்காயம் வேறு. இது வேறு.

வெல்லத்துக்குக் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. இன்னொன்று பழுப்பு நிறம். அம்மா பழுப்பு வெல்லத்தையே வாங்கினாள். அது சரியான முடிவு. வெல்லத்தின் நிறத்தை வெளுக்கச் சிலர் ரசாயனம் சேர்க்கிறார்கள். பளிச்சென்ற நிறம் நல்ல வெல்லத்துக்கு அடையாளம் ஆகாது.

கிளறும் முறை

1. ஓமம், சீரகம், தனியா, மிளகு, திப்பிலி ஆகியவற்றைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். தீ சிறியதாக இருக்கட்டும். கருகினால் கசக்கும்.

2. சுக்கும் சித்தரத்தையும் கடினமானவை. அவற்றை உரலில் இடித்து நசுக்க வேண்டும்.

3. எல்லாவற்றையும், ஏலக்காயையும் சேர்த்துப் பொடி செய்ய வேண்டும். மெல்லிய துணியிலோ சல்லடையிலோ சலிக்க வேண்டும்.

4. வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைக்க வேண்டும். வடிகட்டினால் கல்லும் மண்ணும் நீங்கும்.

5. வெல்லத் தண்ணீரை அடி கனமான பாத்திரத்தில் கொதிக்க விட வேண்டும். சற்றுக் கெட்டியானதும் பொடியைத் தூவிக் கிளற வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் கட்டி தட்டும்.

6. நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பிறகு நெய் விட வேண்டும். கை ஓயாமல் கிளற வேண்டும்.

7. லேகியம் கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஓரத்தில் நெய் கசியும். அதுதான் பதம். இறக்கி ஆற விட வேண்டும்.

ஈரம் இல்லாத கண்ணாடி ஜாடியில் எடுத்து வைக்க வேண்டும். எடுக்கும் கரண்டியிலும் ஈரம் கூடாது. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும்.

ஆயா காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்தாள். இனிப்பும் காரமும் சேர்ந்து மணத்தது. மகள் விரும்பிச் சாப்பிட்டாள்.

எதற்காக இந்த லேகியம்?

பிரசவத்தில் உடம்பு களைத்துப் போகும். வெல்லமும் நெய்யும் எண்ணெயும் உடம்புக்குச் சக்தி தரும். சுக்கு, ஓமம், சீரகம் ஆகியவற்றைச் செரிமானத்துக்கும் வாயுத் தொல்லைக்கும் நம் பெரியவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆயுர்வேதத்திலும் பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு சேர்ந்த லேகியம் உண்டு. அதன் பெயர் 'சௌபாக்கிய சுண்டி'.

வட இந்தியாவில் மாவையும் சுக்கையும் நெய்யில் வறுத்துச் சர்க்கரை சேர்த்துக் கொடுப்பார்கள். பஞ்சாபில் அதைப் 'பஞ்சீரி' என்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஆனால் சுக்கு, இனிப்பு, நெய் ஆகிய மூன்றும் பெரும்பாலும் எங்கும் உண்டு.

கடல் கடந்த இனிப்பு

இந்தப் பழக்கம் கடலையும் தாண்டியது.

வெள்ளையர் ஆட்சிக் காலம் அது. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்கு நம் நாட்டு மக்களைக் கப்பலில் ஏற்றினார்கள். வெகு தொலைவில் உள்ள மேற்கிந்தியத் தீவுப் பகுதிக்குக் கொண்டு போனார்கள். கயானாவுக்குச் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் பேர் போனார்கள். டிரினிடாடுக்குச் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறினார்கள். சென்னையில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் உண்டு. கயானாவில் அவர்களின் வழிவந்தவர்களை 'மதராசி' என்று அழைப்பார்கள்.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் மூட்டையில் அதிகம் கொண்டு போகவில்லை. பழக்கத்தைக் கொண்டு போனார்கள். டிரினிடாடில் பிள்ளை பெற்றவளுக்கு 'அல்வா' கிளறித் தருவது அவர்கள் வழக்கம். மாவை நெய்யில் வறுப்பார்கள். பால், சர்க்கரை, இஞ்சி, மஞ்சள், வாசனைச் சாமான்கள் சேர்ப்பார்கள். இங்கே லேகியம். அங்கே அல்வா. பிள்ளை பெற்றவளைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

ஏழாம் நாள்

ஆயா லேகியம் மட்டும் கொடுக்கவில்லை. கடுமையான பத்தியமும் வைத்தாள். காலையில் லேகியம். மதியம் மிளகு ரசமும் ஒரு பிடி சோறும். இரவில் பூண்டுச் சோறு. பருப்பு இல்லை. கீரை இல்லை. முட்டை இல்லை. தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான்.

"தாகமா இருக்கு ஆயா" என்றாள் மகள்.

"தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும். குழந்தைக்குச் சளி பிடிக்கும். பொறுத்துக்கோ" என்றாள் ஆயா.

ஆஸ்பத்திரியில் மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். அவை மாடத்தில் அப்படியே இருந்தன. "மாத்திரை சூடு. லேகியம் இருக்கும்போது அது எதுக்கு?" என்று ஆயா சொல்லிவிட்டாள்.

ஏழாம் நாள் காலை. மகள் பாயிலிருந்து எழுந்தாள். கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா பதறி ஓடி வந்தாள்.

நல்ல வேளையாக அன்று ஆஷா அக்கா வரும் நாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையையும் தாயையும் பார்க்க ஆஷா பணியாளர் 6 முறை வீட்டுக்கு வர வேண்டும். 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வர வேண்டும்.

ஆஷா அக்கா மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. நாக்கு வறண்டிருந்தது.

"என்ன சாப்பிடுறே? உதிரம் அதிகமா போகுதா?" என்று கேட்டார்.

"உதிரம் அதிகமில்லே அக்கா. சாப்பாடுதான்…" என்று மகள் ஆயாவைப் பார்த்தாள்.

ஆஷா அக்கா மாடத்தில் இருந்த மாத்திரையைக் கையில் எடுத்தார். ஆயாவுக்குக் கோபம் வந்தது.

"எனக்குத் தெரியாதா? என் தங்கச்சி பிள்ளை பெத்த அன்னிக்குத் தண்ணி தண்ணின்னு கேட்டா. யாருக்கும் தெரியாம ஒரு சொம்பு குடிச்சுட்டா. அன்னிக்கு ராத்திரியே போயிட்டா. பச்சை உடம்புல தண்ணி குடிச்சதுதான் அவளைக் கொன்னுது. என் பேத்திக்கும் அப்படி ஆகணுமா?"

வீடு அமைதியாகிவிட்டது. ஆயா இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஷா அக்கா ஆயாவின் அருகில் உட்கார்ந்தார்.

"ஆயா, அன்னிக்கு அவங்களுக்கு உதிரம் நிறைய போச்சா?"

"போச்சு. துணி மேல துணி நனைஞ்சுது."

"உதிரம் நிறைய போனா உடம்புல தண்ணி குறையும். நாக்கு வறளும். தாகம் தாங்க முடியாது. அவங்க உதிரம் போனதாலதான் தண்ணி கேட்டிருப்பாங்க, ஆயா. தண்ணி அவங்களைக் கொல்லலே."

ஆயா வெகு நேரம் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து போனாள். சொம்பில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொண்டு வந்து பேத்தியின் கையில் கொடுத்தாள்.

தாளின் மறுபக்கம்

அன்றே மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். ரத்தம் பரிசோதித்தார்கள். ரத்தசோகை இருந்தது. நல்ல வேளை, கடுமையாக இல்லை. மாத்திரையும் சத்துணவும் போதும் என்றார் டாக்டர்.

மாத்திரை அட்டையில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அந்த எழுத்துகள் தெரியாது. அவள் லேகியச் சாமான் எழுதிய தாளை எடுத்தாள். அதன் மறுபக்கத்தைத் திருப்பினாள். நர்சம்மா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டாள்.

இரும்புச்சத்து மாத்திரை: தினமும் 1. மொத்தம் 180 நாள்.

சுண்ணாம்புச்சத்து மாத்திரை: தினமும் 2 வேளை. 6 மாதம்.

இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. 2 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையோடு டீ, காபி குடிக்கக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் நல்லது.

"வெல்லத்துல இரும்பு இருக்குன்னு சொல்றாங்களே?" என்று ஆயா கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு ஆயா. ஆனா ரத்தசோகையைத் தீர்க்க அது போதாது" என்றார் நர்சம்மா.

ஒரு சின்னக் கணக்கு

பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தை விட அதிக உணவு வேண்டும். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. முதல் 6 மாதம் தாய்க்குத் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று அது கணக்கிட்டிருக்கிறது. கலோரி என்பது உணவு தரும் சக்தியின் அளவு.

நெல்லிக்காய் அளவு லேகியத்தில் 100 கலோரிகூட இருக்காது. மீதி எங்கிருந்து வரும்? சோற்றிலும் பருப்பிலும்தான் வர வேண்டும். லேகியம் உணவோடு சேர வேண்டியது. உணவுக்குப் பதிலாக ஆகாது.

பால் கொடுக்கும் தாய் இவற்றைச் சாப்பிடலாம்:

மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு, களி, அல்லது சப்பாத்தி. இடையில் இரண்டு முறை சிற்றுண்டி.
பருப்பு, பயறு, வேர்க்கடலை.
முருங்கைக்கீரை, அரைக்கீரை, காய்கறி, பழம்.
பால், மோர். சாப்பிடும் வழக்கம் இருந்தால் முட்டை, மீன், கறி.
தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர். பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும்.

அங்கன்வாடியிலும் பால் கொடுக்கும் தாய்க்கு உணவு உண்டு. பெயரைப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளலாம். அது தாயின் உரிமை.

தண்ணீர் குடிப்பதால் வயிறு பெருக்காது. பிரசவத்தில் விரிந்த கருப்பை சுருங்கச் சுமார் 6 வாரம் ஆகும். பால் கொடுத்தால் கருப்பை சுருங்க உதவும்.

குழந்தை சப்பச் சப்பப் பால் ஊறும். அதுதான் பால் பெருக முதல் வழி.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, வயிற்றுப் புண் உள்ள தாய்மார் டாக்டரைக் கேட்டபிறகே லேகியம் சாப்பிட வேண்டும். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்களும் கேட்க வேண்டும்.

குழந்தையின் நாக்கில் லேகியம் தடவக் கூடாது. தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். பிறந்த 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

லேகியம் தீர்க்காத ஆபத்துகள்

இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது:

1 மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுவதும் நனையும்படி உதிரம் போவது.
காய்ச்சல், குளிர், நாற்றமுள்ள கசிவு.
கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு.
மூச்சுத் திணறல், மயக்கம்.
ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்.

உடனே 108 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் வரும். காசு கிடையாது. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருப்பதியில் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கால் பல தாய்மார் இறக்கிறார்கள். நேரத்தில் போனால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். ஆயாவின் தங்கைக்கு அந்த வாய்ப்பு அன்று கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள்

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாள். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மகள் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நடந்தாள். முகத்தில் தெளிவு இருந்தது.

ஆயா காலையிலேயே லேகிய உருண்டையைக் கொடுத்தாள். கூடவே பருப்புக் கீரையும் சோறும் வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தாள். மாத்திரையையும் மறக்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

வந்தவர்களில் ஒரு பெண் கர்ப்பிணி. அவள் ஆயாவிடம் லேகியச் செய்முறை கேட்டாள்.

ஆயா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அந்தத் தாளைப் பார்த்து இவளுக்கு எழுதிக் கொடு" என்றாள். "ஒரு பக்கம் மட்டும் போதாது. ரெண்டு பக்கத்தையும் எழுதிக் கொடு."

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. ஆயா பேத்திக்குத் தண்ணீர் கொடுக்க ஏன் பயந்தாள்?
2. ஆஷா அக்கா அந்தப் பயத்தை எப்படி நீக்கினார்?
3. லேகியம் மட்டும் தாய்க்கு ஏன் போதாது?
4. உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பார்கள்? எதையெல்லாம் விலக்குவார்கள்? அதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

எழுதுங்கள்

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் லேகியச் செய்முறையைக் கேளுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். தாளின் மறுபக்கத்தில் ஆபத்து அறிகுறிகளையும் 108 என்ற எண்ணையும் எழுதுங்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டி வையுங்கள்.